உன் படையலில் அவர்கள் வைத்த குப்பி

என் தாணுவுக்கு,

இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பிக்கு, உன் அக்கா கோபத்தோடும் பிரியத்தோடும் எழுதுவது.

கோபத்தை முதலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. வருகிற புரட்டாசியில் உனக்கு வருஷத் திவசம். நீ போன பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கில் உன் படையலில் அவர்கள் எதை வைத்தார்கள் என்பதை நான் இன்னும் மறக்கவில்லை. இந்தத் தடவையும் அதையே வைப்பார்களா என்பதுதான் இப்போது என் மனதில் இருக்கிற ஒரே கேள்வி. இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உன்னைப் பற்றி ஊரெல்லாம் சத்தமாகப் பேசியபோது யாரும் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. நான் மட்டும் எதற்காக மெதுவாகப் பேச வேண்டும்?

எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நீ பாடம் படிக்கும்போது எதிரில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன். உன் புத்தகம் எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது. அப்படியே படித்துக்கொண்டேன். எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

படிக்கிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள். நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைக்க வந்து கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்தில் குடியேறினோம். அப்பாவும் அம்மாவும் சீக்கிரம் போனார்கள். நானும் சீக்கிரம் தாலியறுத்துத் திரும்பி வந்தேன். உன்னை ஆளாக்கியது நான். பழவங்காடியில் ஒரு டாக்டரின் மருந்துசாலையில் நீ கம்பவுண்டர். வெள்ளைச் சட்டை போட்டு நீ வேலைக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு இருந்த கர்வம் கொஞ்சமில்லை. அந்தச் சட்டைக்குள் இருந்தவன் எப்போது குடிக்க ஆரம்பித்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது உனக்கு முப்பது தாண்டியிருந்தது.

தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன்? மறைத்தேன். நீ வேலைக்குப் போகாத நாளெல்லாம் டாக்டரிடம் போய், "தம்பிக்கு வயித்து வலி" என்று சொன்னேன். தெருவில் கேட்டால் வயிற்று வலி. உனக்குப் பெண் பார்த்தபோது சொர்ணத்தின் வீட்டாரிடமும் அதே வயிற்று வலி. சொர்ணம் கல்யாணமான இரண்டாம் மாதம் என்னிடம் வந்து, "மதினி, நல்ல வயித்து வலிதான் கட்டி வெச்சிய" என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

சத்தியம் வாங்கினேன். பழவங்காடி பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைக்க வைத்து வாங்கினேன். கற்பூரத்தில் கை வைக்கச் சொன்னேன். ஒரு நாள் என் தலையில் கை வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் மூன்று நாளோ நாலு நாளோ காப்பாற்றினாய். உடைந்த அன்று முன்னைவிட அதிகமாகக் குடித்தாய். அக்கா தலையில் அடித்த சத்தியத்தை உடைத்தவன் வேறென்ன செய்வான் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

மைதானத்தில் மதுவிலக்குக் கூட்டம் என்றால் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். மேடையில் கதர் போட்டவர்கள் குடிகாரன் மிருகம் என்றார்கள். கைதட்டினார்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற மிருகம் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. உன்னைத் திருநெல்வேலிக்கு அனுப்பியும் பார்த்தேன். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் மதராஸ் சர்க்காரின் மதுவிலக்கு, அங்கே கிடைக்காது என்று நம்பினேன். கிடைக்காத இடத்தில் எங்கே கிடைக்கும் என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்துத் திரும்பி வந்தாய்.

வழி சொன்னவர் வறீது. பொன்முடி அடிவாரத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கம்பவுண்டர். மாதம் ஒரு முறை மருந்து வாங்க உன்னிடம் வருவார். மருந்துக் குப்பியில் ஒட்டுகிற அளவுத் தாளை நீ வெட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். வேளைக்கு ஒரு வெட்டு, ஆறு வேளைக்கு ஆறு வெட்டு. உன் கை நடுங்கி ஆறும் ஆறு அளவில் விழுந்திருக்கிறது. அவர் கத்தரியை வாங்கித் தானே வெட்டிவிட்டு, "எனக்கும் இங்ஙனெ ஆயிருந்து" என்றாராம், எனக்கும் இப்படித்தான் இருந்தது என்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் தோட்டத்தில் சில பேர் கூடி உட்காருகிறோம், வந்து பார் என்று சொன்னாராம். நீ என்னிடம் சொன்னாய். நான் உன்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் ஞாயிறு நினைவிருக்கிறதா? நெடுமங்காடு வழியாக விதுரைக்கு பஸ். அங்கிருந்து மலைப்பாதையில் ஒரு மணி நேரம் நடை. தோட்டத்து வாசலில் காவல்காரனிடம் நான்தான் கேட்டேன், "இங்க கூட்டம் எங்க நடக்குது?" என்று. அவன் முகம் மாறிவிட்டது.

"எந்து கூட்டம்? யாரு விட்டு உங்கள?"

"ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்ப்பா. ஆளுக கூடிப் பேசுவாளாமே."

"கூடிப் பேசுவாளா? கொடி எங்கே வெச்சிருக்கு? பையைத் திற."

தொழிலாளிகளைக் கிளப்பிவிட வந்த சங்கத்து ஆட்கள் என்று நினைத்துவிட்டான். என் பையில் இருந்தது புளிச்சோறு. உன் வெள்ளைச் சட்டையைப் பார்த்து உன்னைத் தலைவராக்கிவிட்டான். "இது குடிக்கதுக்கு உள்ள கூட்டமில்ல, குடிக்காம இருக்கதுக்கு உள்ள கூட்டம்" என்று நான் சொன்னதும் அவனுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. குடிக்காமல் இருப்பதற்கு எவனாவது கூட்டம் போடுவானா என்று நினைத்திருப்பான். திருப்பி அனுப்பிவிட்டான். திரும்பும் பஸ்ஸில் நீ சிரித்தாய். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நீ குடிக்காமல் சிரித்ததைப் பார்த்தேன். அதனால்தான் அடுத்த ஞாயிறும் போனேன்.

இரண்டாவது தடவை வறீது வாசலில் நின்றார். கொழுந்து நிறுக்கிற கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை நிறுவை கிடையாது, அதனால் அது காலி. உள்ளே ஏழெட்டுப் பேர். லயத்தில் குடியிருக்கிற தோட்டத் தொழிலாளிகள், ஒரு லாரி ஓட்டுநர், ஒரு கணக்கப்பிள்ளை. அடுப்பில் பால் விடாத கட்டஞ்சாயா கொதித்துக்கொண்டிருந்தது. உத்தரத்தில் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு அலுமினியத் தம்ளர். உன் பங்குக்கு நீயே ஊற்றிக்கொள்ளக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் ஊற்ற வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கை நடுங்குகிறவனும் ஊற்ற வேண்டும். சிந்தினால் யாரும் பார்ப்பதில்லை.

நான் கற்பூரம் கொண்டு போயிருந்தேன். எடுத்து வைத்தேன். வறீது அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

"சேச்சி, இவிடெ சத்தியம் வேண்டா. எல்லாரும் சத்தியம் செய்து செய்து வந்ந ஆளுகளாக்கும்." பிறகு உன்னைப் பார்த்தார். "அடுத்த ஞாயிறாழ்ச்ச வருமோ? அது மாத்திரம் பறஞ்சா மதி."

அடுத்த ஞாயிறு வருவாயா, அதைச் சொன்னால் போதும் என்றார். நீ "வாறேன்" என்றாய். இவ்வளவு தூரம் இதற்கா வந்தோம் என்று எனக்கு இருந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நீ உடைக்கவில்லை, தாணு. கற்பூரத்தை உடைத்தாய், தேங்காயை உடைத்தாய், என் தலையை உடைத்தாய். அதை மட்டும் உடைக்கவில்லை. நடுவில் இரண்டு தடவை குடித்தாய். குடித்த வாரமும் போய் அதைச் சொன்னாய். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் ஒரு சொட்டுத் தொடவில்லை. மழையில் பாதை சரிந்த வாரம் நாம் விதுரையிலிருந்து முழங்கால் சேற்றில் நடந்து போனோம். அளவுத் தாளில் உன் வெட்டுகள் ஆறும் ஒரே அளவாக விழுந்ததை நீ வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாய். அதை நான் வைத்திருக்கிறேன்.

பிறகு உன் வயிறு வீங்கியது. இந்த முறை உண்மையாகவே வயிற்று வலி. ஈரல் முன்னாலேயே போய்விட்டது, நிறுத்தியதால்தான் இவ்வளவு நாளாவது கிடைத்தது என்று ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் நேராகச் சொன்னார். அதை நான் எத்தனை பேரிடம் சொன்னேன். யார் கேட்டார்கள்? நம் சித்தப்பா மகன் செல்லம், உன்னோடு பதினைந்து வருஷம் குடித்தவன், உன் சவத்தை எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான்: "குடிச்ச உடம்பு கேட்டதைக் குடுக்கணும். சட்டுனு நிறுத்தினா தாங்குமா? மலைக்குக் கூட்டிட்டுப் போய்க் கொன்னுட்டா." தெரு அதைப் பிடித்துக்கொண்டது. கொன்றவள் நான். பதினைந்து வருஷம் உனக்கு ஊற்றிக் கொடுத்தவர்களுக்கு அதில் பங்கில்லை.

பதினாறாம் நாள். உனக்குப் பிள்ளை இல்லாததால் பங்காளி முறையில் செல்லம்தான் படையல் வைத்தான். தலைவாழை இலை, உனக்குப் பிடித்த அவியல், மோர்ப் புளிசேரி, வெற்றிலை. கடைசியாகத் துண்டுக்குள்ளிருந்து ஒரு குப்பியை எடுத்து இலைக்கு வலது பக்கம் வைத்தான். சாராயம்.

"இது என்னல?" என்று கேட்டேன்.

"அவனுக்குப் பிடிச்ச சாதனம்லாக்கா. வெக்காம விட்டா ஆத்மா அலையும்."

"அவன் விட்டு பதினாலு மாசம் ஆச்சு."

"பதினாலு மாசம் சும்மா கெடந்தான். குடிச்சது எத்தன வருஷம்? நீயே சொல்லு."

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். சொர்ணம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். படையல் முடிந்தால் அந்தக் குப்பி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பின்கட்டில் ஆண்கள் பங்கு வைத்துக்கொள்வார்கள். உன் பெயரில் வைத்து அவர்கள் தொண்டையில் ஊற்றிக்கொள்வது. நீ உயிரோடு இருந்தபோது விட்டதை, செத்த பிறகு உனக்கு ஊட்டுவது. உன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதுதான் அவர்களுக்கு வசதி.

குப்பியை எடுத்தேன். முற்றத்தில் தென்னை மூட்டில், வேரோரமாகக் கவிழ்த்தேன். கடைசிச் சொட்டு வரை நின்று கவிழ்த்தேன். தாலியறுத்தவள் படையலில் கை வைத்தாள் என்று ஒரு கூச்சல். "இனி இந்த நடையில கேறாத" என்று சொன்னது யார் என்று எழுத மாட்டேன், அவர் வயதில் பெரியவர். நான் ஆற்றுப் பக்கம் தனி அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன். இன்று வரை அந்த நடையில் ஏறவில்லை. நான் செய்தது தப்பா? நீ ஒருவன்தான் பதில் சொல்ல வேண்டியவன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளை நான் விடவில்லை. உனக்காக அழுவதற்கு எனக்கு வேறு இடம் இல்லை. நான் குடித்தவள் இல்லை, ஆனாலும் வறீது என்னைக் கேட்டார், "சேச்சி அடுத்த ஞாயிறாழ்ச்ச வருமோ?" என்று. வருவேன் என்றேன். உன் தம்ளர் அதே ஆணியில் தொங்குகிறது. யாரும் எடுக்கவில்லை.

இனி நடந்ததைக் கேள். போன ஆடி மாதம் ஒரு ஞாயிறு விதுரை பஸ்ஸில் எனக்கு மூன்று வரிசை பின்னால் செல்லம் உட்கார்ந்திருந்தான். தோட்டத்துப் பாதையில் எனக்கு இருபதடி பின்னாலேயே வந்தான். நான் திரும்பவில்லை. கொட்டகை வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னார்கள். என் பக்கத்தில்தான் இடம் இருந்தது. புதிதாக வந்தவனுக்குத் தம்ளர் இல்லை. வறீதுக்கு அவன் யார் என்று தெரியாது. உத்தரத்தைக் காட்டி, "தாணுவின்றெ இருக்கல்லோ, சேச்சி ஒழிக்கணும்" என்றார்.

உன் தம்ளரில், குப்பி வைத்தவனுக்கு, நான் ஊற்ற வேண்டும்.

சொல், தாணு. என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து வந்திருக்கலாம். வந்திருந்தால் அடுத்த ஞாயிறு அங்கே எனக்கு முகம் இல்லை. நான் என் தம்ளரைக் கழுவி அதில் அவனுக்கு ஊற்றினேன். உன்னுடையதை எடுத்து நான் குடித்தேன். எல்லாருக்கும் போடுகிற சர்க்கரையை அவனுக்குப் போடவில்லை. அவன் அதைக் குடித்தான். பாதி வேட்டியில் சிந்தியது. யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அவன் முறை வந்தபோது தரையைப் பார்த்துப் பேசினான். "தாணு ஆஸ்பத்திரியில கெடந்தப்போ என்னைக் கூப்பிட்டுச் சொன்னான், அண்ணே, மலைக்கு ஒரு ஞாயிறு போய்ப் பாருன்னு. போறேன்னேன். போகல. பதினாறுக்கு நான் குப்பி வெச்சது அவனுக்கில்ல. அவன் இல்லாம குடிக்கதுக்கு எனக்கு ஒரு சாக்கு வேணும். அக்கா அதக் கவுத்தப்போ எனக்குக் கை நடுங்கிச்சு. எல்லாரும் கோபத்துலன்னு நெனச்சா. கோபம் இல்ல. மண்ணுல போகுதேன்னு."

எனக்கு அப்போது இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். வந்தது கோபம்தான், அதுவும் உன் மேல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இவனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். தெரிந்திருந்தால் அன்றே இவன் காதைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றியிருப்பேன். ஒரு வருஷம் வீணாகப் போயிருக்காது. எனக்குச் சொல்ல உனக்கு என்ன பயம்? கற்பூரத்தோடு போய் அவன் முன்னால் நிற்பேன் என்றா?

நின்றுதான் இருப்பேன்.

மூன்று ஞாயிறு வந்தான். நாலாவது ஞாயிறு பஸ்ஸில் இல்லை. மறுநாள் காலையில் சாலைக் கடைத்தெருவில் அவன் எண்ணெய்க் கடைக்குப் போனேன். தகர டின்களுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி நின்றான்.

"கண்ணு தெரியலியோ? அக்கா வந்து நிக்கது."

"வயித்து வலிக்கா. அதான் நேத்து வரல."

சாராய வாடை அடித்தது. கடையில் எண்ணெய் வாங்க வந்த பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் கேட்கட்டும் என்றே சொன்னேன்.

"அந்த வயித்து வலிய எனக்குத் தெரியும்ல. நாந்தான் அதுக்குப் பேரு வெச்சேன்."

அவன் டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே, "புரட்டாசியில படையலுக்கு நான் என்ன வெக்கணும்க்கா?" என்று கேட்டான்.

"ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ். வருவியா?"

"சத்தியமா வாறேன்."

"சத்தியம் பண்ணாத. வருவியான்னுதான் கேட்டேன்."

"வாறேன்."

சொர்ணத்தையும் பார்த்தேன். ஆற்றில் துணி துவைக்க வந்தவள் என் பக்கத்துக் கல்லில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவை. "மதினி, திவசத்துக்கு அவுக தம்ளர மலையில இருந்து எடுத்துட்டு வருவியளா?" என்றாள். தம்ளர் பற்றி அவளிடம் நீதான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னதில்லை.

ஐப்பசியோடு நாஞ்சில் நாடு மதராஸோடு சேர்ந்துவிடும் என்கிறார்கள். அங்கேயும் மதுவிலக்கு வந்துவிடுமே என்று இங்கே சாலைக் கடைத்தெருவில் கவலைப்படுகிறவர்கள் உண்டு. எல்லைக் கோட்டை அவர்கள் எங்கே வேண்டுமானாலும் போடட்டும். ஒரு மனிதன் ஏற வேண்டிய ஞாயிற்றுக்கிழமை பஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு சர்க்காரும் இதுவரை அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னது கை நடுங்கியிருந்த ஒரு கம்பவுண்டர்.

இப்போது என் வார்த்தை, கேட்டுக்கொள். புரட்டாசியில் அந்த நடையில் ஏறுவேன், யார் தடுத்தாலும். உன் இலைக்கு வலது பக்கம் உன் அலுமினியத் தம்ளர் இருக்கும், அதில் கட்டஞ்சாயா இருக்கும். யாராவது துண்டுக்குள்ளிருந்து குப்பி எடுத்தால் தென்னை மூடு அங்கேயேதான் இருக்கிறது. அதற்கு முன்னால் இன்னும் ஐந்து ஞாயிறு உண்டு. ஐந்திலும் செல்லத்தை பஸ்ஸில் ஏற்றுவேன். கடையில் இருந்தால் கடையிலிருந்து, கள்ளுக்கடையில் இருந்தால் அங்கே உள்ளே போய். அவனை மன்னித்ததால் இல்லை, மன்னிக்கவில்லை. பங்காளி முறையில் உனக்குப் படையல் வைக்கப் போவது அவன் கை. அந்தத் தம்ளரை இலை ஓரம் வைக்கும்போது அது சிந்தக் கூடாது.

அடுத்த ஞாயிறு வருவேன், தாணு.

உன்னை வளர்த்தவள், இன்னும் கோபம் ஆறாதவள்,
உன் அக்கா பகவதி
கரமனை